சான்றிதழில் குறையில்லை, ஒலிவாங்கிதான் வேறு

ஒலிச் செறிவை, அதாவது ஒலி ஆற்றல் எத்திசையில் எவ்வளவு பாய்கிறது என்பதை, அளக்கும் இரட்டை ஒலிவாங்கிக் கருவியை அளவுத்திருத்தத்துக்கு வெளியே அனுப்புகிறவர்கள், இரு ஒலிவாங்கிகளின் வரிசை எண்களையும் முன்கூட்டியே குறித்து வைத்து, கருவி திரும்பிய அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். நான் குறித்து வைத்திருந்தேன், ஒப்பிடத்தான் இல்லை. அந்த அசட்டையால் மூன்று வார வேலை வீணாயிற்று.

கருவியோடு வந்த சான்றிதழ் பார்வைக்குக் குறையற்றது. 250 ஹெர்ட்ஸில் பிஸ்டன்போன் (தெரிந்த அளவு ஒலியை எழுப்பும் கருவி) கொண்டு ஒவ்வொரு ஒலிவாங்கியின் உணர்திறனும் தனித்தனியே அளக்கப்பட்டு, இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்று எழுதப்பட்டிருந்தது. அதை நம்பி ஒரு காற்றமுக்கியின் ஒலித்திறனை அளக்கத் தொடங்கினேன். 100 ஹெர்ட்ஸ் பட்டையில் செறிவு எதிர்க்குறியோடு வந்தது. அதாவது, காதைத் துளைக்கும் அந்த இயந்திரம் ஓசையை உள்ளே இழுத்துக்கொள்கிறதாம். அறையின் எதிரொலிப்பைக் குறை சொன்னேன், வடங்களை மாற்றினேன், அளவிடும் பரப்பைத் திருத்தினேன். சான்றிதழை மட்டும் சந்தேகிக்கவில்லை.

இக்கருவியின் உயிர் உணர்திறனில் இல்லை, கட்டத்தில், அதாவது ஃபேஸில், இருக்கிறது: ஒரே அலை இரண்டையும் எவ்வளவு முன்பின்னாகத் தொடுகிறது என்பதில். எதிரெதிராக நிற்கும் இரு ஒலிவாங்கிகளுக்கு நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், 100 ஹெர்ட்ஸ் ஒலி அதைக் கடக்கையில் உண்டாகும் கட்ட வேறுபாடு சுமார் 1.26 பாகை மட்டுமே; எதிரொலிப்பு மிகுந்த அறையில் அதுவும் ஐந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிடக்கூடும். ஒலிவாங்கிகளுக்குள்ளேயே 0.3 பாகை பொருத்தமின்மை இருந்தால், மெய்யான 0.25 பாகையை அது விழுங்கிக் குறியையே புரட்டிவிடும். ஆகவேதான் இவை இணை பார்த்து விற்கப்படுகின்றன. தாழ்ந்த அதிர்வெண்களில், காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் நுண்துளைகள் இரண்டும் ஒன்றுபோல இல்லாவிட்டாலே இந்த வேறுபாடு தலைகாட்டும். உணர்திறன் ஒத்திருப்பது இதைப் பற்றி எதையுமே சொல்லாது.

இறுதியில் கருவியை அதே புள்ளியில் 180 பாகை திருப்பிப் பார்த்தேன். செறிவு வழியே ஒலித்திறனை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 9614 தரநிலை கேட்பதுபோல் குறி மாறி, அளவு 1.5 டெசிபலுக்குள் ஒத்திருக்க வேண்டும். எனக்கு இரு பக்கமும் எதிர்க்குறியே வந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். பிறகு இரு ஒலிவாங்கிகளையும் ஒரே கப்ளரில் (சிறிய மூடிய அறையில்) பொருத்தி ஒரே அழுத்தத்துக்கு உட்படுத்தி, எஞ்சிய அழுத்த–செறிவுக் குறியெண்ணை அளந்தேன்; அழுத்த அளவைவிடப் பொய்ச் செறிவு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லும் இது பெரிதாக இருந்தால்தான் பொருத்தம் நன்று. முந்தைய ஆண்டு 100 ஹெர்ட்ஸில் 17 டெசிபல் இருந்தது, இப்போது 6. பொறியியல் தர அளவீட்டுக்கு இதிலிருந்து 10 டெசிபலைக் கழித்த பிறகே மீதியைப் பயன்படுத்த முடியும் என்பதால், என் கையில் மீதி என்று ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் வரிசை எண்களை ஒப்பிட்டேன். ஒன்று என்னுடையது அல்ல. சான்றிதழில் புதிய எண்ணே, ஒளிவுமறைவின்றி, அச்சாகியிருந்தது! அளவுத்திருத்தம் செய்தவர்களைத் தொலைபேசியில் கேட்டபோது, வலைமூடியைக் கழற்றுகையில் ஒலிவாங்கியின் டயாஃபிரம் (மெல்லிய சவ்வு) சேதமடைந்ததாகவும், ‘அதே வகை, அதே உணர்திறன்’ கொண்ட வேறொன்றை வைத்துவிட்டதாகவும் சொல்லி, அதில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார்கள். சான்றிதழை மறுபடி படித்தபோது, அளந்த நாளின் காற்றழுத்தமும் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. பிஸ்டன்போனின் ஒலி அளவு காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 1013 ஹெக்டோபாஸ்கலுக்குப் பதில் 900 இருந்தால் ஏறத்தாழ 1 டெசிபல் குறையும். திருத்தம் செய்தார்களா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இனி அனுப்புகிறவர்கள், செறிவுக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 61043 தரநிலை கூறும் முறையில் எஞ்சிய குறியெண்ணைப் பட்டை வாரியாக அளந்து தர வேண்டும் என்றும், கேட்காமல் எந்த உறுப்பையும் மாற்றக் கூடாது என்றும் பணி ஆணையிலேயே எழுதிவிடுங்கள். எனக்குக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். சேதமடைந்த ஒலிவாங்கியைக் கேட்டேன், அதை எறிந்துவிட்டார்களாம்.