பிரெஞ்சு நண்பர் வீடுகளில் தங்கிச் சுற்றுவோருக்கு யூரெயில் பாஸ் பயன்படுமா?

பிரான்சில் விடுதி எடுக்காமல் நண்பர்களின் வீடுகளில் தங்கிப் பயணம் செய்பவருக்கு, ஊர்விட்டு ஊர் போகும் ரயில் கட்டணமே பெரிய செலவாக நிற்கிறது. விசா விண்ணப்பத்தின்போதே இந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. விருந்தினரைத் தம் வீட்டில் தங்கவைப்பதாக, 30 யூரோ முத்திரைக் கட்டணம் செலுத்தி நண்பர் தம் ஊர் நகராட்சியில் சான்றிதழ் வாங்கி அனுப்பினால், நாளொன்றுக்கு நம்மிடம் இருப்பதாகக் காட்ட வேண்டிய தொகை 32.50 யூரோவாகக் குறைகிறது. விடுதி முன்பதிவைக் காட்டுபவருக்கு அதுவே 65 யூரோ. இப்படி மிச்சப்படுவதில் ஒரு பகுதியை, பிரான்சுக்குள் ரயிலில் சுற்றுவதற்கான யூரெயில் பிரான்ஸ் பாஸில் போடலாமா என்று பலரும் யோசிக்கிறார்கள். டி.ஜி.வி. எனும் அதிவேக ரயிலை மட்டும் நம்பிப் பயணம் செய்பவருக்கு அது பெரிதாக உதவாது, டி.இ.ஆர். எனும் வட்டார ரயில்களில் ஏறி இறங்கப் போகிறவருக்கு அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை என்பது என் மதிப்பீடு.

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கென விற்கப்படும் இந்தப் பாஸை வைத்துக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் நாமே தேர்ந்தெடுக்கும் நாட்களில், நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை எத்தனை ரயில்களில் வேண்டுமானாலும் போகலாம். 27 வயது வரையுள்ளோருக்குத் தனி விலையும், 60 வயது நிறைந்தோருக்கு 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. பயண நாட்கள் மட்டுமே கழிவதால், ஒரு வீட்டில் நான்கு நாள் தங்கி அடுத்த வீட்டுக்குக் கிளம்புகிறவருக்கு, சும்மா இருந்த நாட்களுக்கும் பணம் கட்டிவிட்டோமே என்ற வருத்தம் எழாது. பாரிஸ் மெட்ரோவும் நகர டிராம்களும் இதில் சேராது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

டி.ஜி.வி.யைப் பொறுத்தவரை பாஸ் பாதி டிக்கெட்தான். 1981இல் பாரிஸ்–லியோன் தடத்தில் தொடங்கிய இந்த ரயில், அந்தத் தூரத்தை இன்று சுமார் 2 மணி நேரத்தில் கடக்கிறது. ஆனால் இருக்கை முன்பதிவு கட்டாயம். பாஸ் வைத்திருப்பவரும் உள்நாட்டுப் பயணத்தில் ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 10 அல்லது 20 யூரோ தனியாகக் கட்ட வேண்டும். அதிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கப்படும் இருக்கைகள் குறைவு. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கோடை விடுமுறையும் நெரிசல் மிகுந்த நேரங்கள். நண்பர்களுக்கு அலுவலகம் இல்லாத நாட்களைப் பார்த்துப் போகிறவர் சரியாக அந்த நேரத்தில்தான் ரயில் தேடுவார். நண்பரின் பிள்ளைகள் முதலில் பரிந்துரைக்கும் மலிவு ரயிலான உய்கோவில் இந்தப் பாஸ் செல்லவே செல்லாது. அந்த ரயிலின் அடிப்படைக் கட்டணத்தில் ஒரு கைப்பையும் ஒரு சிறு பெட்டியும்தான் அடங்கும் என்பதால், ஊரிலிருந்து பரிசுப் பொருட்களைத் திணித்துக்கொண்டு வரும் நம் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. இரண்டே இரண்டு பெருநகரங்களுக்குப் போய்த் திரும்புவதுதான் திட்டம் என்றால், தேதி உறுதியானதும் சாதாரண டி.ஜி.வி. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

பாஸின் அருமை பாரிஸ் பெர்சி நிலையத்தில்தான் புரியும். புகழ்பெற்ற கார் த லியோன் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் இந்த எளிய நிலையத்திலிருந்து திஜோன் வழியாக லியோனுக்கு டி.இ.ஆர். ரயில் போகிறது. டி.ஜி.வி. 2 மணி நேரத்தில் முடிக்கும் பயணத்துக்கு இது ஏறக்குறைய 5 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. முன்பதிவு இல்லை, கூடுதல் கட்டணம் இல்லை, காலியாக உள்ள இருக்கையில் உட்கார்ந்துகொள்ளலாம். தொன்னேர், மோன்பார் என்று சிற்றூர்களில் நின்று நின்று போகும் வழியில் பர்கண்டிக் கால்வாயும், மேய்ச்சல் நிலத்தில் படுத்திருக்கும் வெள்ளை நிற ஷாரொலே மாடுகளும் சன்னலுக்கு வெளியே வந்து போகும். காலையில் பாரிஸ் நண்பரிடம் விடைபெற்று, மதியம் திஜோனில் இறங்கி இன்னொருவரைப் பார்த்து, மாலையில் மாக்கோனிலோ லியோனிலோ மூன்றாமவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஒரே ஒரு பயண நாள்தான் கழியும். அதே பெர்சியிலிருந்து கிளெர்மோன்-ஃபெரானுக்குப் புறப்படும் ரயில் வேறு வகை. அதற்கு முன்பதிவு வேண்டும் என்பதால் பலகையைப் பார்த்து ஏற வேண்டும்.

விருந்தாளிக்கு இந்தச் சுதந்திரம் எவ்வளவு தேவை என்பது பிரெஞ்சுக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவில் தெரியும். ஒரு மணிக்கு மேசையில் அமர்ந்தால், முதல் உணவு, முக்கிய உணவு, அதன்பின் பலகையில் வரும் பாலாடைக்கட்டி வகைகள், இனிப்பு, காபி என்று நான்கு மணி எளிதாக ஆகிவிடும். பாலாடைக்கட்டிப் பலகை சுற்றி வந்துகொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்திருப்பது வீட்டுக்காரருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். முன்பதிவு செய்த ரயில் என்றால் எழுந்துதான் ஆக வேண்டும், டி.இ.ஆர். என்றால் அடுத்த ரயிலில் போய்க்கொள்ளலாம். ஆனால் ஞாயிறுகளில் சிறு தடங்களில் ரயில்கள் குறைவு. கடைசி ரயிலின் நேரத்தை மட்டும் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விளம்பரங்களில் வராத இன்னொரு வசதியும் உண்டு. பிரான்சில் வசிக்கும் நண்பர் யூரெயில் பாஸ் வாங்க முடியாது; ஐரோப்பியருக்கான இன்டர்ரெயிலிலும் சொந்த நாட்டுக்கான ஒருநாட்டுப் பாஸ் அவருக்குக் கிடைக்காது. "நானும் கிரெனோபில் வரை வருகிறேன்" என்று அவர் சொன்னால், டி.ஜி.வி.யில் இருவருக்கும் தனித்தனி முன்பதிவு என்பதால் வெவ்வேறு பெட்டிகளில் அமர நேரலாம். டி.இ.ஆரில் அவர் தம் டிக்கெட்டோடும் நாம் நம் பாஸோடும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னும் லாபம்: பெரியவர் ஒருவரின் பாஸோடு 4 முதல் 11 வயது வரையுள்ள இரண்டு குழந்தைகள் வரை கட்டணமின்றி வரலாம், அவர்களுக்கும் பாஸ் எடுத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பாஸ் கைப்பேசிச் செயலியில்தான் இருக்கிறது. ரயிலில் ஏறும் முன் அந்த ரயிலைச் செயலியில் சேர்த்து அன்றைய பயண நாளைத் தொடங்க வேண்டும். பரிசோதகர் வந்த பிறகு தேடிக்கொண்டிருப்பது பயணச்சீட்டு இல்லாமல் ஏறியதற்குச் சமம். இணையம் இல்லாமலும் இயங்கும் என்றாலும், மூன்று நாட்களுக்கு ஒருமுறையாவது செயலியை இணையத்தோடு இணைக்க வேண்டும். மலையடிவாரக் கிராமத்தில், கைப்பேசிச் சமிக்ஞை எட்டாத பழைய கல்வீட்டில் தங்குகிறவர் அந்த வீட்டு வைஃபை கடவுச்சொல்லை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வேலைநிறுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பிரெஞ்சு ரயில் பயணத்தில் அது மழையைப் போல எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ரயில் இயக்கத்துக்கு இன்றியமையாத பணியாளர்கள் தாம் பங்கேற்கப் போவதை 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். எனவே மறுநாள் எந்தெந்த ரயில் ஓடும் என்ற பட்டியல் முந்தின நாள் மாலை 5 மணிவாக்கில் வெளியாகிவிடும். அதைப் பார்த்து, ஓடுகிற டி.இ.ஆர். எதிலும் பாஸோடு ஏறிக்கொள்ளலாம். எதுவும் ஓடாது என்று தெரிந்தால் அந்த நாளைச் செயலியில் தொடங்காமல் விட்டுவிட்டு, இன்னும் ஓர் இரவு தங்கலாமா என்று இரவு உணவுக்கு உலை வைக்கும் முன்பே வீட்டுக்காரரைக் கேட்டுவிடலாம்.