பக்கவாதத்தில் சோர்ந்த கை: உறையா, கண்ணாடியா, கரண்டா?

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்கு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எண்ணெய் போட்டு நீவச் சொல்வார் ஒருவர், கரண்ட் (தசையைத் தூண்ட லேசான மின்சாரம்) வைத்தால்தான் கை வரும் என்பார் இன்னொருவர். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒரே கேள்வியில்தான் இருக்கிறது: மணிக்கட்டையும் விரல்களையும் அவரால் தானாகக் கொஞ்சமாவது நிமிர்த்த முடிகிறதா?

முடிந்தால், நல்ல கைக்கு உறை மாட்டும் முறையைத்தான் முதலில் சொல்வேன். நல்ல கையைத் தடித்த உறைக்குள் வைத்துவிட்டு, சோர்ந்த கையையே வேலை வாங்குவது. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 222 பேர் இருந்தார்கள். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். உறைப் பயிற்சிக்குப் போனவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறையோடு இருக்க வேண்டும். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் கை நன்றாகத் தேறியது. ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. மணிக்கட்டு 10 டிகிரியாவது நிமிர்ந்தவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். உறை மட்டும் போதாது, தினமும் மணிக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதற்கு நம் வீடுகளில் வேலைக்கா பஞ்சம்? புளியில் கொட்டை எடுக்கலாம், தக்காளியைத் தரம் பிரிக்கலாம், களி உருண்டையைக் கிள்ளிச் சாப்பிடலாம் (சூடு ஆறிய பிறகு, அந்தக் கையில் சுரணை குறைந்திருக்கலாம்). கைத்தடி பிடித்து நடக்கும்போதும் குளிக்கும்போதும் உறையைக் கழற்றிவிட வேண்டும், விழுந்துவிடக் கூடாது.

விரல் அசையவே இல்லையா? அப்போது கண்ணாடி. மேசையில் நடுவே கண்ணாடியை நிறுத்தி, சோர்ந்த கையை அதன் பின்னால் மறைத்துவைத்து, நல்ல கையை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே பிம்பத்தைப் பார்ப்பது. சோர்ந்த கையும் அசைவது போலத் தெரியும். அதையும் கூடவே அசைக்க முயல வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், முதலில் கை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வரும் வலிக்காகக் கண்டுபிடித்த முறை. 1999-இல் 9 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தார்கள். செலவே இல்லை. ஆனால் பொறுமை வேண்டும்: தினமும் அரை மணி நேரம், வாரக்கணக்கில்.

கரண்ட்? அது இவற்றுக்குத் துணைதான். படுத்துக்கொண்டு வாங்கினால் பலன் குறைவு; கரண்ட் விரலைத் திறக்கும்போதே டம்ளரைப் பிடிக்க முயன்றால் பயன் கூடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எண்ணெய் நீவல் இதமாக இருக்கும், அசைவைக் கற்றுத்தராது. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், உத்தரத்தில் கப்பி கட்டி கையை மேலே இழுப்பதும் வேண்டவே வேண்டாம். தளர்ந்த தோள்மூட்டு வலிக்க ஆரம்பித்தால் எந்தப் பயிற்சியும் நடக்காது.

தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்கள் வீட்டுக்கே வரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கியது. வீட்டுக்கு வருபவரிடம் முதலில் மணிக்கட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர் வராத நாட்களில் செய்ய வேண்டியதை, கூட இருப்பவர் ஒருவர் அவர் முன்னாலேயே செய்துகாட்டிப் பழகிக்கொள்ளட்டும்.