குழந்தைகள் வார்டில் வேலை: நர்சிங்கா, எம்.எஸ்.டபிள்யூ.வா, சிறப்புக் கல்வியா?

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் பயத்தைப் போக்கி, சிகிச்சைக்கு மனதைத் தயார் செய்ய அமெரிக்காவில் ‘சைல்ட் லைஃப்’ என்று தனித் தொழிலே உண்டு. பட்டம், 600 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி, தேர்வு, பிறகு சான்றிதழ். நம் அரசு ஆஸ்பத்திரிகளின் பணியிடப் பட்டியலில் அந்தப் பெயர் கிடையாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் அதே வேலை நர்ஸ், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவர், சிறப்புக் கல்வியாளர் என்று மூன்று பேர் கையில் பிரிந்து கிடக்கிறது.

நர்சிங்தான் பிள்ளைக்கு மிக நெருக்கம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் பி.எஸ்சி. 4 வருஷம். கைக்குழந்தைக்கு மஞ்சள் நிற 24 கேஜ் ஊசிக்குழாய் ஏற்றும் நேரத்தைப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து மல்லாக்க அமுக்கினால் பிள்ளை திமிறும், நரம்பு நழுவும், மறுபடி குத்த வேண்டி வரும். அம்மா மடியில் நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் நீட்டிப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. மரத்துப்போகும் களிம்பு தடவுவதென்றால் ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு தடவிப் பயனில்லை. ‘ஊசி போட மாட்டாங்க’ என்று பெற்றோர் பொய் சொல்லிக் கூட்டி வந்த பிள்ளை, அடுத்த முறை வெள்ளைக் கோட்டைக் கண்டாலே கத்தும். இதெல்லாம் தெரிந்திருந்தும் செய்ய நேரம் இல்லாததுதான் நர்சின் சங்கடம். இரவு ஷிப்ட், ஆள் பற்றாக்குறை. குழந்தைகள் வார்டில் கை பழகும்போது வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

எந்தப் பட்டம் இருந்தாலும் எம்.எஸ்.டபிள்யூ. 2 வருஷம். மருத்துவ, மனநலப் பிரிவை எடுக்க வேண்டும். இங்கே உங்கள் ஆள் பிள்ளையைவிட அதன் அம்மாதான். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர், வார்டில் உட்கார்ந்த நாளுக்குக் கூலி இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று இல்லை, ரேஷன் கார்டில் பிள்ளை பெயர் ஏறவில்லை என்று காகிதத்தில்தான் சிகிச்சை மாட்டும். வி.ஏ.ஓ.விடமா, இ-சேவை மையத்துக்கா, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கா, எதை முதலில் முடிப்பது என்று சொல்லித் தருபவர் அந்தக் குடும்பத்துக்குத் தெய்வம். ஆபத்து ஒன்று உண்டு: தனியார் ஆஸ்பத்திரிகளில் இந்தப் படிப்புக்காரரைக் காப்பீட்டுக் கவுண்டரிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். வார்டுப் பக்கம் போக வேலை இருக்காது.

மூன்றாவது சிறப்புக் கல்வி. 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்காக மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் அமைந்தன. பேசத் தாமதமாகும் பிள்ளை, கழுத்து நிற்காத பிள்ளை இங்கேதான் வருவார்கள். சிறப்புக் கல்வியாளருக்கு இங்கே பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திசையன்விளையிலிருந்து வாரா வாரம் பஸ் ஏறி வருவது நடக்காது. வீட்டில் செய்ய வேண்டியதை அம்மாவுக்குக் கை பிடித்துக் கற்றுக்கொடுக்காவிட்டால் மூன்றாம் மாதம் அவர்கள் வருவது நின்றுவிடும்.

வேலை உறுதி வேண்டும் என்றால் நர்சிங், யோசிக்கவே வேண்டாம். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கவும், திட்டு வாங்கவும் பொறுமை உள்ளவருக்கு எம்.எஸ்.டபிள்யூ. ஒரே பிள்ளையோடு வருஷக்கணக்கில் உட்காரத் தெரிந்தவர் மட்டும் மூன்றாவதை எடுக்கட்டும்.

பணம் கட்டுமுன், நர்சிங் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறப்புக் கல்வி என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அனுமதி உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு இருக்க வேண்டும். இல்லையேல் பதிவு எண் வராது. எம்.எஸ்.டபிள்யூ. துறையில் கேட்க வேண்டியது ஒன்றே: களப்பணிக்குக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்புவீர்களா, அங்கே மேற்பார்வை யார்?