செல்போனா, அக்ஷயாவா, பஞ்சாயத்து கவுன்டரா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சாயத்து வேலை என்றால் இப்போது மூன்று வழி. சொந்தப் போனில் கே-ஸ்மார்ட் என்ற கேரள அரசின் ஆன்லைன் சேவை, கடைவீதியில் விண்ணப்பம் போட்டுத்தரும் அக்ஷயா மையம், இல்லையென்றால் பழையபடி ஆபீஸ் கவுன்டர். எது சீக்கிரம் முடியும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, எந்த வழியில் போனால் நம் பெயர் தப்பில்லாமல் ஏறும் என்பதைத்தான்.

கே-ஸ்மார்ட் 2024 ஜனவரி 1 அன்று நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தொடங்கியது. 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. வீட்டு வரி கட்ட இதை மிஞ்சிய வழி கிடையாது. ராத்திரி பத்து மணிக்குக் கட்டினாலும் ரசீது கையில். முன்பு இதற்கே அரை நாள் கூலி போகும். கல்யாணப் பதிவுக்கும் நல்ல வசதி: வீடியோ மூலம் அடையாளம் சரிபார்ப்பதால், திருப்பூரில் வேலை செய்யும் மாப்பிள்ளை லீவு போட்டு வரவேண்டியதில்லை.

சிக்கல் பெயரில்தான். நான் பார்க்கும் திரையில் மலையாளமும் ஆங்கிலமும்தான் இருக்கின்றன. ‘பாக்கியம்’ என்று தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுவோம்; மலையாளத்தில் அந்த முதல் எழுத்துக்கே நாலு ‘ப’ உண்டு. அப்புறம் இனிஷியல். அதை விரித்து எழுதுவதா, பின்னால் போடுவதா? வீட்டுப் பெயர் என்று ஒரு கட்டம் வேறு. நம்மில் பல குடும்பங்களுக்கு அப்படியொரு பெயரே இல்லை. என் தம்பி தன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குப் போனிலேயே விண்ணப்பித்தான். அந்தக் கட்டத்தில் தெருப் பெயரைப் போட்டான், இனிஷியலை ஆதாரில் இருப்பதற்கு மாறாக விரித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் தெரிந்தது.

அக்ஷயா 2002-இல் மலப்புறத்தில், வீட்டுக்கு ஒருவருக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தரும் திட்டமாகத் தொடங்கியது. இன்று விண்ணப்ப வேலைக்கு எல்லோரும் போகும் இடம். கட்டணம் உண்டு, ஜூன் மாதம் கூட்டமும் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தமிழ் தெரியும். “இனிஷியல ஆதார்ல இருக்கிற மாதிரியே போடட்டுங்களா?” என்று கேட்டு டைப் அடிப்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே பிறப்பு, இறப்பு, திருமண விண்ணப்பங்களுக்கு நான் அக்ஷயாவைத்தான் சொல்வேன். இரண்டு விஷயத்தை மட்டும் விடாதீர்கள். அனுப்பும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி எழுத்தெழுத்தாகப் படியுங்கள். போன் நம்பர் உங்களுடையதா என்று பாருங்கள். மையத்து நம்பர் ஏறிவிட்டால் பின்னால் வரும் தகவல் எதுவும் உங்களுக்கு வராது.

கவுன்டர்தான் மெதுவான வழி. அங்கே கொடுக்கும் காகிதமும் கடைசியில் கம்ப்யூட்டரில்தான் ஏறுகிறது. சர்வர் நின்றால் திட்டு வாங்குவது எதிரே இருக்கும் கிளார்க். அவரோ அதே நேரத்தில் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டி இன்னொருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அவரிடம் கொஞ்சம் பொறுமையாகத்தான் பேச வேண்டும்.

ஆனால் மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று கவுன்டரில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம். எழுதி வாங்கிய இந்த உரிமை போன் திரை வந்ததும் மங்கிப்போவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. கே-ஸ்மார்ட்டில் தமிழும் ஒரு மொழியாக வரவேண்டும். வரும்வரை, சொந்த வார்த்தையில் விளக்கவேண்டிய எதற்கும் கவுன்டர்தான்: பெயர்த் திருத்தம், வரி தப்பாக விழுந்தது, குடிநீர்ப் புகார்.

பிரசவத்துக்குப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போகிற வீடுகள் இங்கே நிறைய. குழந்தை பிறந்த ஊரில்தான் பிறப்புப் பதிவு. அந்தச் சான்றிதழுக்கு இந்த மூன்று வழியிலும் அலைய வேண்டாம். தமிழ்நாட்டுப் பதிவில்தான் கிடைக்கும்.

தம்பி கடைசியில் நடந்ததை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, ஆதார் நகலோடு கவுன்டரில் கொடுத்தான். கிளார்க் படித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார், ரசீது போட்டுக் கொடுத்தார். அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருக்கிறான்.