சூடானால் நின்றுவிடும் ஜெனரேட்டர்: 24 வோல்ட் இராணுவ செட்டோடு என் அனுபவம்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருக்கும் நண்பர் ஒருவர், இராணுவ உபரியாகக் கழிக்கப்பட்ட 24 வோல்ட் டீசல் ஜெனரேட்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பருத்தித்துறையில் எங்கள் அரைக்கும் மில்லில் அதே மாதிரி ஒன்று ஓடுவதால், வாங்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது வாங்கியது. இன்ஜினில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மிளகாய் மெஷின் மோட்டர் எழும்பும்போதுகூட வோல்டேஜ் சட்டென்று விழாது. ஆனால் சூடேறியதும் திடீரென்று நின்றுவிடும். புகை இல்லை, இருமல் இல்லை. ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

எங்கள் பக்கம் டீசல் இன்ஜின் நின்றால் முதல் சொல், "லைனில காத்து பிடிச்சிட்டுது" என்பதுதான். வந்த மெக்கானிக்குகள் பில்டர் மாற்றினார்கள். பிறகு டீசலைத் திறந்து மூடும் சொலினாய்டு, பிறகு ஒயில் பிரஷர் சுவிச். எல்லாவற்றுக்கும் காசு போனது, சனம் அரைக்கக் கொண்டுவந்த மிளகாய் பாதியில் கிடந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனாலும் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த கைகள் அவை. அவர்களுக்குப் பழக்கமான தோட்டத்துத் தண்ணீர்ப் பம்ப், கையால் நிறுத்தும் வரை ஓடும். இந்த செட்டில் சொலினாய்டுக்குக் கரண்ட் இருக்கும் வரைதான் டீசல் போகும். கரண்ட் அறுந்தால் நல்ல இன்ஜினும் நிற்கும்.

வழி காட்டியது சாவிதான். நின்ற கையோடு திருப்பினால் ஸ்டார்ட் நிலையில் இன்ஜின் பிடித்துவிடும், கையை விட்டதும் சாகும். ஸ்டார்ட் நிலையில் ஒயில் பிரஷர், வெப்பப் பாதுகாப்புச் சுவிச்சுகளைத் தாண்டி நேரே கரண்ட் போகிறது. கையை விட்டால் அவற்றின் வழியாகப் போக வேண்டும். அப்படியென்றால் டீசலும் சொலினாய்டும் சரி, பழுது அந்தச் சுற்றுப் பாதையில்தான்.

அந்தப் பாதையை மீற்றரின் பீப் சத்தத்தை வைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் "வயர் நல்லது" என்றார்கள். பீப் சோதனையில் மீற்றர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். வயரில் ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது கத்தும். சொலினாய்டு இழுக்கும் கரண்டை அந்த ஓர் இழை தாங்காது. அதனால் செட் ஓடும்போதே, சூட்டோடு, வோல்ட் பார்க்க வேண்டும். நான் பார்த்தபோது பற்றரியில் 28, சொலினாய்டில் 19. மிச்சம் 9 வோல்ட் வழியில் எங்கோ போகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்த செட் மேல் ஆசை வந்தது. பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் சுற்றுப்படம் தகட்டில் அடித்திருக்கிறது. ஒவ்வொரு வயரிலும் இலக்கம், அதுவும் நுனியில் மட்டுமல்ல, நீளத்துக்கு. படத்தையும் வயரையும் வைத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் ஒவ்வொரு முனையாகப் போகலாம். கடையில் வாங்கும் புது செட்டுகளில் இப்படியொரு மரியாதையை நான் கண்டதில்லை.

கடைசியில், இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள பெரிய வட்டப் பிளக்கில், ஒயில் சுவிச்சுக்குப் போகும் பின்னின் பின்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு. ரப்பர் மூடி இல்லை, கடல் காற்று. வயரை வெட்டிச் சுரண்டி, புதிதாக ஈயம் வைத்ததோடு நிற்பது நின்றது.

பற்றரி பற்றியும் ஒரு சொல். 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பற்றரி தொடராக. முன்பு வைத்திருந்தவர் ஒன்றில் மட்டும் லைட்டுக்கு வயர் எடுத்திருந்தார். அது எப்போதும் பட்டினி, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதித்தது. இரண்டும் போயின. அப்படி வயர் தொங்கினால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். மில்லோ ஐஸ் கடையோ நடத்துகிறவருக்கு இந்தச் சோலி கூடாது. என்னுடையதை மட்டும் நான் விற்க மாட்டேன்.

அப்படியும் மனம் கேட்காவிட்டால், முழுச் சுமையோடு ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவது மட்டும் போதும் என்று விற்பவர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.