கிளாசிக் 350க்கு கிராஷ் கார்டு: இரண்டாவது முறை வாங்கியது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனக்குப் பழைய சாமான் வியாபாரம். பித்தளை அண்டாவோ எனாமல் தூக்கோ, எது வந்தாலும் முதலில் விரலால் ஒரு தட்டு. சத்தத்திலேயே கனம் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன் போன வருடம் என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்குக்குப் படத்தைப் பார்த்து ஆன்லைனில் ஒரு கிராஷ் கார்டு (வண்டி விழுந்தால் எஞ்சினில் அடிபடாமல் காக்க முன்னால் மாட்டும் கம்பி) வாங்கினேன். தண்டம் 2,100 ரூபாய்.

சாமான் பார்க்க புதுக்கோட்டை, திருச்சி, சில நாள் ராமநாதபுரம் வரைகூட வண்டியில்தான் போவேன். வயது 52. அறுபது கிலோமீட்டர் தாண்டினால் இடது முட்டி பேச ஆரம்பித்துவிடும். காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொள்ள இடம் இருந்தால் தேவலை என்றுதான் ஃபுட்ரெஸ்ட் சேர்த்தே வெல்டிங் செய்த கார்டாகத் தேடிப் பிடித்தேன்.

"எல்லா கிளாசிக்குக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். பொருந்தாது. 2021இல் வந்த புது கிளாசிக்குக்கு ஃபிரேமே வேறு. பழையதில் முன்பக்கம் ஒற்றைக் குழாய் இறங்கும், எஞ்சினும் ஃபிரேமோடு சேர்ந்து சுமை தாங்கும். புதியதில் இரட்டைக் குழாய். மெக்கானிக் தம்பி பெட்டியைப் பிரித்ததுமே, "அண்ணே, இது பழைய வண்டி பிராக்கெட்டு, திருப்பி அனுப்பிருங்க" என்றார். நான்தான் கேட்கவில்லை. அரம் போட்டு ஓட்டையை நீளமாக்கி, வாஷர் திணித்து மாட்டினோம். வேகம் எழுபதைத் தொட்டால் கார்டு முழுக்கக் கிடுகிடுவென்று ஆடும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது சரளையில் முன்சக்கரம் வழுக்கியது. நடக்கிற வேகம்தான். ஆனால் 195 கிலோ சாய ஆரம்பித்தால் நம் கால் எம்மாத்திரம்? வலப்பக்கம் படுத்துவிட்டது. எஞ்சினில் ஒரு கீறல் இல்லை. நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தால் பிரேக் பெடல் கீழே இறங்கவில்லை. கார்டுக் கம்பி முறுக்கிக்கொண்டு வந்து பெடலுக்கு அடியில் முட்டி நின்றது.

காரணம் அந்த ஃபுட்ரெஸ்ட். கம்பியை விட நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் தரையில் முதலில் பட்டது அதுதான். மடங்காத கட்டை, கடப்பாரை மாதிரி நெம்பிவிட்டது. மடங்குகிற ஃபுட்ரெஸ்ட்டாக இருந்தால் அது மேலே மடிந்து, அடியைக் கம்பி நேராக வாங்கியிருக்கும். வெல்டிங் செய்து ஒட்டிய ஃபுட்ரெஸ்ட் வைத்த கார்டை யார் சும்மா கொடுத்தாலும் இனி வாங்க மாட்டேன்.

இரண்டாவது கார்டை மதுரையில் ஒரு கடையில், வண்டியை வாசலில் நிறுத்தி, மாட்டிப் பார்த்தே வாங்கினேன். கார்டு தனி, ஃபுட்ரெஸ்ட் தனி. இரண்டும் சேர்த்து 3,600. இந்த முறை தட்டினேன். முதலில் காட்டியது டின் டப்பா மாதிரி கணகணத்தது, வேண்டாம் என்றேன். அடுத்தது மந்தமாக 'டொக்' என்றது. அதற்காக டாங்கி மாதிரி தடித்த குழாயும் கூடாது. கார்டு வளைந்தால் வெல்டிங் பட்டறையில் நிமிர்த்திக்கொள்ளலாம். அது வளையாமல் அடியை அப்படியே போல்ட் வழியாக ஃபிரேமுக்குக் கொடுத்துவிட்டால் செலவு எங்கே போய் நிற்கும்!

எவர்சில்வரா, கறுப்பு பவுடர் கோட்டிங்கா? கடைக்காரர் காந்தத்தை வைத்து, "பாருங்க, ஒட்டலை, ஒரிஜினல் 304" என்றார். சிரித்துவிட்டேன். 304 என்பது நல்ல ரக எவர்சில்வர், ஆனால் மட்டமான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. இது பாத்திரக்காரனிடம் செல்லுமா? கறுப்பையே எடுத்தேன். கோட்டிங் பெயர்ந்தால் துரு கண்ணுக்குத் தெரியும், தேய்த்துப் பெயிண்ட் தொட்டுவிடலாம்.

ஃபுட்ரெஸ்ட் கிளாம்ப் அளவில் மட்டும் கவனம் வேண்டும். கார்டுக் குழாயில் நூலைச் சுற்றி அளந்தேன். சுற்றளவு எட்டு சென்டிமீட்டர், அதாவது விட்டம் 25 மில்லி. கடையில் இருந்தது 32க்கான கிளாம்ப். சைக்கிள் டியூப் சுற்றி இறுக்கிக் கொடுத்தார்கள், மேலூர் தாண்டுவதற்குள் கால் பாரத்தில் சுழன்று தொங்கியது. மறுவாரம் போய் 25 மில்லி கிளாம்ப்பாக மாற்றி வந்தேன். எங்கே மாட்டுவது என்பதையும் கடையில் முடிவு செய்யாதீர்கள். நான் கார்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தேவகோட்டை வரை போய் வந்தேன். குதிகால் தானாக விழுந்த இடம் டேப்புக்கு இரண்டு விரற்கடை கீழே. அங்கேதான் இறுக்கினேன். முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், விறைப்பாக நீண்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கினோம், இரண்டு தளர்ந்திருந்தன.

இப்போது எண்பதிலும் அதிர்வு இல்லை. முட்டி திருச்சி வரை வாயைத் திறப்பதில்லை. ஆனால் கால் அங்கே இருக்கும்போது பிரேக்கும் கியரும் எட்டாது. எண்பதில் போனால் அரை நொடிக்குள் வண்டி பதினொரு மீட்டர் ஓடிவிடும். சீமைக்கருவேலப் புதருக்குள்ளிருந்து ஆடு ரோட்டுக்கு வர அதைவிடக் குறைந்த நேரம் போதும். அதனால் திருமயம் தாண்டி ஆளில்லாத நேர்ரோட்டில் ஐந்து நிமிடம் நீட்டுவேன், ஊர்ப் பலகை தெரிந்ததும் காலை இழுத்துக்கொள்வேன். மழையில் நீட்டவே மாட்டேன், ரப்பர் வழுக்குகிறது. அது ஒரு குறை.

இன்னொரு குறை, எங்கள் வீட்டுப் பக்கவாட்டுக் கதவு. கார்டோடு வண்டி நுழைந்துவிடும், ஃபுட்ரெஸ்ட் நிலையில் இடிக்கும். நூறு வருடத் தேக்கு நிலை அது. முதல் நாள் இடித்தபோது வீட்டுக்காரி ஓடி வந்து தடவிப் பார்த்தது என் காலை அல்ல. இப்போது வாசலிலேயே இறங்கி, இரண்டையும் மடக்கிவிட்டு உருட்டிக்கொண்டு போகிறேன்.