மேல்தளப் பீப்பாயா, கீழ்த்தளப் பீப்பாயா?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பர்பன் என்னும் மக்காச்சோள விஸ்கி ஊறும் கிடங்குகள் பல ஏழு மாடி உயரம். தகரச் சுவர், மரச்சட்டங்களில் வரிசையாகப் படுத்திருக்கும் பீப்பாய்கள். ஒரே நாளில், ஒரே வடிப்பில் நிரப்பிய இரண்டில் ஒன்றை உச்சியிலும் மற்றதைத் தரையிலும் வைத்தால், எட்டு வருடத்தில் அவை வேறு வேறு சரக்காகிவிடும்.

கோடையில் கூரையடி கொதிக்கும். சூட்டில் விரிந்த சாராயம், உட்புறம் கரியாக்கிய புது ஓக் மரத்துக்குள் புகும். குளிர்ந்ததும் வெண்ணிலா, கருகிய சர்க்கரை வாசனை, நிறம், துவர்ப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு திரும்பும். அங்கே காற்று வறண்டிருப்பதால் ஆல்கஹாலைவிடத் தண்ணீர்தான் வேகமாக ஆவியாகிறது. அதனால் 62.5 சதவீத ஆல்கஹாலுக்கு மிகாமல் ஊற்றிய சாராயத்தின் வீரியம் அதையும் தாண்டி ஏறும். முதல் மடக்கே நாக்கைப் பிடிக்கும். ரொம்ப வருடம் விட்டால் மரக்கசப்புதான் மிஞ்சும்.

கீழே குளிர்ச்சி, ஈரம். வீரியம் மெதுவாகத்தான் ஏறும், சில சமயம் இறங்கவும் செய்யும். தானியத்தின் இனிப்பும் பழவாசமும் மரத்துக்கு அடியில் அமுங்காது. பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஊற வேண்டுமென்றால் என் ஓட்டு கீழ்த்தளத்துக்கே.

மேக்கர்ஸ் மார்க் என்ற பர்பன் நிறுவனம் பீப்பாய்களை மேலிருந்து கீழே இடம் மாற்றுகிறது. ஃபோர் ரோசஸ் நிறுவனமோ ஒற்றைத்தளக் கிடங்கே கட்டி, இந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்துக்கொண்டது.